வானிலை மாறுதலும் கொடுவா மீன் பிடிப்பும்

கடலோரத் தாலுக்காக்களில் வசிக்கும் யாவரும் கொடுவா மீனை நன்கு அறிவார்கள். பழவேற்காடு ஏரியிலும், பிச்சாவரம் காயலிலும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓடைகளிலும், ஆறுகள் கடலிற் கலக்கும் முகத்துவாரங்களிலும் இம்மீன் அகப்படுகிறது. வங்காளத்தில் பேட்கி என்றும், ஆந்திர தேசத்தில் பண்டுகொப்ப என்றும், மலையாளத்தில் காளாஞ்சி என்றும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் வழங்கப்படுவது இதுவே. முள் குறைந்து, வெண்மையும் உறுதியுமான சதையுடையதாதலால் சந்தையில் நல்ல விலை பெறுகிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-ம் ஆண்டில் இம்மீனைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிப்பதில் வெற்றி கண்டனர். அதன் பின்னர் கடலோரத்தில் நிலமுடைய விவசாயிகள் பலரும் இதனைக் குளங்களில் வளர்த்து வருகிறார்கள்.

முகத்துவாரத்தில் தூண்டில் போடுவோரும், குளத்தில் வளர்ப்போரும் ஒரே விதமாகக் குறை கூறுவதுண்டு. நேற்று வரையில் இரையைப் பாய்ந்து பிடித்த மீன், வானம் மூடிய இன்று இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முந்திய நாள் மாலையில் துள்ளி விளையாடிய மீன்கள், மறுநாள் விடியற்காலையில் வயிறு மேலாக மிதக்கின்றன. இவ்வாறு நேரும்போது சிலர் தலைவிதி என்கிறார்கள். சிலர் கண்ணேறு என்கிறார்கள். பகைவர் எவரோ குளத்தில் மருந்து கலந்துவிட்டதாகப் புகார் எழுதிக் கொண்டு கிராம அலுவலரிடம் செல்வோரும் உண்டு. உண்மையான காரணம் பெரும்பாலும் வானிலையின் மாறுதலே. அம்மாறுதல் மீனை எவ்வழியாக அடைகிறது என்பதை அறிந்து கொண்டால், பிடிப்பதற்கு ஏற்ற நாளைத் தெரிந்தெடுக்கவும், நஷ்டம் வருமுன் காத்துக் கொள்ளவும் முடியும்.

கொடுவாவின் இயல்பு

கொடுவா துரத்தித் திரிந்து இரை தேடும் மீனன்று; மறைந்திருந்து பாயும் மீன். அலையாத்தி மரங்களின் வேர்களிலும், பாலத் தூண்களின் நிழலிலும், மதகுகளின் வாயிலும், நீரில் மூழ்கிய கட்டைகளின் அருகிலும் அசையாது நின்று, அவ்வழியே வரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கிவிடும். தன் இனத்துச் சிறு மீன்களையும் விட்டு வைப்பதில்லை. தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட மீனையும் விழுங்கும் வல்லமை இதற்கு உண்டு.

இது கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான பிராணி. மழைக்காலத்தை ஒட்டி, முகத்துவாரத்தின் அருகே உப்பு மிகுந்த ஜலத்தில் முட்டையிடுகிறது. முட்டை சுமார் 17, 18 மணி நேரத்தில் பொரிகிறது. குஞ்சுகள் ஏறும் ஓதத்துடன் கழிகளுக்குள்ளும், அங்கிருந்து உப்பில்லாத ஆற்று நீருக்கும் சென்று வளர்கின்றன. முதலில் ஆணாக இருந்து, வயதும் பருமனும் ஏறிய பின் பெண்ணாக மாறுவது இம்மீனின் மற்றொரு விசேஷம். 4 கிலோவிற்கு மேற்பட்டவை பெரும்பாலும் பெண் மீன்களே. ஆகவே இதன் வாழ்க்கை முழுவதும் மழை, ஆற்று வெள்ளம், கடல் ஓதம் ஆகிய மூன்றோடும் பிணைந்துள்ளது.

வானிலை மீனை அடையும் வழிகள்

மீனுக்கு மேகமும் தெரியாது, பஞ்சாங்கமும் தெரியாது. வானத்தில் நிகழும் எதுவும் நீரின் வாயிலாகவே அதனை எட்டுகிறது. அவ்வாறு எட்டும் வழிகள் நான்கு.

முதலாவது உஷ்ணம். மீனின் உடலுக்குத் தனியான சூடு கிடையாது. நீரின் உஷ்ணமே அதன் உடலின் உஷ்ணம். கொடுவாவுக்கு மிக ஏற்றது 26 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள ஜலம். அதற்குக் கீழே குறையக் குறைய இரை செரிப்பது தாமதப்படும், பசியும் குறையும். 20 டிகிரியை நெருங்கினால் மீன் மந்தமாகி ஆழத்தில் ஒடுங்கிவிடும். படிப்படியாக வரும் மாறுதலை அது தாங்கிக் கொள்ளும்; சில மணி நேரத்தில் நேரும் திடீர் மாறுதலே அதனை வருத்துகிறது.

இரண்டாவது பிராண வாயு. நீரில் கரைந்துள்ள பிராண வாயுவை மீன் செவுள்களால் சுவாசிக்கிறது. நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கக்கூடிய வாயுவின் அளவு குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் வரை கரைந்து நிற்கும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமே நிற்கும். அதே உஷ்ணமுள்ள கடல் நீரில் 6¼ மில்லிகிராம் அளவே நிற்கும். ஆனால் சூடு ஏறும்போது மீனுக்கு வேண்டிய பிராண வாயு அதிகப்படுகிறது. வேண்டுவது கூடும்போது கிடைப்பது குறைகிறது என்பதே கோடை காலத்தின் கஷ்டம். கொடுவா செழிப்பாக இருக்க லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் வேண்டும்.

மூன்றாவது உப்பு. கொடுவா உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழும் என்பது உண்மை. ஆயினும் அது உண்ணும் இறாலும் மடவையும் உப்பின் அளவு மாறும்போது இடம் பெயர்கின்றன. இரை போன இடத்திற்குக் கொடுவாவும் போகும்.

நான்காவது வெளிச்சமும் கலங்கலும். தெளிந்த நீரில் உச்சி வெயில் அடிக்கும்போது இரை மீன்கள் கொடுவாவைக் கண்டு விலகிவிடும். மேகம் சற்று மூடிய போதும், காற்றினால் நீர்ப்பரப்பு சிலிர்த்த போதும், நீர் இலேசாகக் கலங்கிய போதும் மறைந்து பாய்வது எளிது. ஆனால் சேற்றுக் குழம்பு போல் கலங்கினால் கொடுவாவுக்கும் கண் தெரியாது.

காற்றழுத்தம் குறைவதே மீன் இரை எடுக்காமைக்குக் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. இதைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். சின்னம் ஒன்று நெருங்கும்போது காற்றழுத்தம் 10 முதல் 20 மில்லிபார் வரை குறையலாம். ஒரு மில்லிபார் என்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்குச் சமம். ஆகவே மீன் ஒரு சாண் ஆழம் கீழே இறங்கினாலே அந்த வித்தியாசம் சரியாகிவிடும். நாள்தோறும் பல சாண் ஏறி இறங்கும் மீனுக்கு இது பெரிதன்று. அழுத்தம் குறையும்போது கூடவே வரும் காற்றும், மேகமும், மழையும், நீரின் புரளலுமே பெரிய காரணங்கள். ஆதலின் வானத்தைப் பார்ப்பவர் அத்துடன் நின்றுவிடாமல் நீரையும் பார்க்க வேண்டும்.

முகத்துவாரத்தில் பருவந்தோறும்

சித்திரை, வைகாசி மாதங்களில் கழிகளின் ஆழமற்ற பகுதிகள் நடுப்பகலில் மிகவும் சூடேறுகின்றன. அப்பொழுது கொடுவா நிழலையும் ஆழத்தையும் நாடும். விடியற்காலையும் பொழுது சாயும் வேளையுமே தூண்டிலுக்கு ஏற்ற நேரம். கடற்காற்று எழுந்து நீர் அலையாடும் பிற்பகலில், காற்று மோதும் கரையோரத்தில் சிறு மீன்கள் ஒதுக்கப்படுவதால் அங்கும் கொடுவா வருவதுண்டு. பழவேற்காடு போன்ற இடங்களில் கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடலுக்கும் ஏரிக்கும் உள்ள போக்குவரத்துக் குறைந்து போகும். அக்காலத்தில் உள்ளே உப்பு ஏறும். மீன் வரத்தும் குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகள் பெருகும்போது நிலைமை முற்றும் மாறுகிறது. வெள்ளத்தின் முதல் சில நாட்களில் நீர் செம்மண் நிறமாய்க் கலங்கி ஓடும். அப்போது தூண்டிலில் எதுவும் அகப்படாது. ஆனால் வெள்ளம் வடியத் தொடங்கியதும், வயல்களிலிருந்தும் வாய்க்கால்களிலிருந்தும் அடித்து வரப்பட்ட சிறு மீன்களும் இறாலும் ஓடை வாய்களில் திரள்கின்றன. கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் எல்லையில் கொடுவா காத்து நிற்கும். இவ்வெல்லை கரையிலிருந்தே கண்ணுக்குக் கோடு போல் தெரியும். அனுபவமுள்ள மீனவர் இக்கோட்டைப் பார்த்தே செவுள் வலையைக் கட்டுகிறார்கள். கீழைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சற்றேறக்குறைய ஒரு மீட்டரே. ஆயினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் இறங்கும்போது ஓடைகளிலிருந்து இரை வெளியே இழுக்கப்படுவதால், அந்நேரம் மற்ற நேரத்தினும் மேலானது.

மார்கழி, தை மாதங்களில் இரவுப் பனியால் ஆழமற்ற நீர் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் தூண்டில் போட்டு வெறுங்கையுடன் திரும்புவோர் இக்காலத்தில் அதிகம். வெயில் ஏறிச் சேற்றுத் திட்டுகளின் மேலுள்ள நீர் சூடான பின், பிற்பகல் வேளையில் முயல்வதே தகுதி. கோடையில் விடியற்காலை சிறந்தது. குளிர் காலத்தில் பிற்பகல் சிறந்தது. நேரம் எதிர்மாறானாலும் காரணம் ஒன்றே: மீன் தனக்கேற்ற உஷ்ணத்தைத் தேடிச் செல்கிறது.

மழைக்கும் மீன் பிடிப்பிற்கும் உள்ள தொடர்பு ஒரு வாரத்தோடு முடிவதன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் பிட்ஸ்ராய் என்னும் ஆற்றில் இதே மீனைப் பற்றி ஆராய்ந்தவர்கள், ஆற்றில் வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் அதிகமாய்ப் பிழைத்திருப்பதைக் கண்டார்கள். வெள்ளம் கழிகளையும் சதுப்புகளையும் இணைத்துக் குஞ்சுகளுக்கு இரையும் மறைவிடமும் அளிக்கிறது. எனவே இன்றைக்குப் பிடிப்பைக் கெடுக்கும் வெள்ளமே, சில ஆண்டுகளுக்குப் பின் வலையை நிரப்பும் வெள்ளமாகும்.

வளர்ப்புக் குளத்தில் மூடிய வானம்

முகத்துவாரத்து மீனுக்கு வேறிடம் செல்ல வழியுண்டு. குளத்து மீனுக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் வானிலை மாறுதலால் உண்டாகும் பெருநஷ்டம் குளத்திலேயே நேரிடுகிறது.

ஓர் ஏக்கர் பரப்பும், 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அதில் முக்கால் கிலோ எடையுள்ள 1,500 கொடுவா மீன்கள் உள்ளனவென்றால், மொத்த மீன் சுமார் 1,125 கிலோ ஆகும். மாலையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராண வாயு இருப்பதாக வைத்துக் கொண்டால், அக்குளத்தின் ஜலம் முழுவதிலும் உள்ள வாயு சுமார் 24 கிலோ மட்டுமே. இரவு முழுவதும் குளத்திலுள்ள சகல ஜீவன்களும் பெரும்பாலும் இந்த இருப்பைக் கொண்டே காலந்தள்ள வேண்டும். இதில் மீன் எடுத்துக் கொள்ளும் பங்கு சிறியது. பச்சைப் பாசியும், அடியிலுள்ள சேறும், தின்னாது கிடந்து அழுகும் தீவனமும் எடுத்துக் கொள்ளும் பங்கே பெரியது.

பாசி பகலில் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு பிராண வாயுவை உண்டாக்குகிறது. இரவில் அதுவே வாயுவைச் செலவழிக்கிறது. வெயிலுள்ள நாளில் பகல் வரவு இரவுச் செலவுக்குப் போதுமானதாயிருக்கும். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வானம் மூடியிருந்து, காற்றும் அடங்கியிருந்தால் வரவு குறைந்து செலவு மட்டும் முன்போலவே நடக்கிறது. ஒவ்வொரு நாளும் இருப்புக் குறைந்து, மூன்றாம் நாள் இரவில், பொழுது விடிவதற்குச் சற்று முன்னர் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஒரு வருஷத்து முதலும் உழைப்பும் ஒரே விடியலில் மிதப்பது இவ்வாறே. இதில் பகைவர் செய்கை எதுவுமில்லை.

இந்த அபாயத்தை முன்னரே அறிந்து கொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்க்கையில் உள்ளங்கை தெரியாவிட்டால் பாசி மிதமிஞ்சியுள்ளது என்று கொள்ளலாம். மீன் தீவனத்தண்டை வராமல் ஒதுங்குதல், நத்தைகள் நீரைவிட்டுக் கரைமேல் ஏறுதல், இறால்கள் கரையோரம் ஒதுங்குதல், விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து நிற்றல், நீர் விழும் வாயிலில் கூட்டமாகச் சேர்தல் ஆகிய இவை ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும். மீன் வாயைத் திறந்து நிற்கும்போது அவகாசம் மிகக் குறைவு.

வானம் மூடிய நாட்களில் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. தீவனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்றாம் நாளும் வெயில் இல்லாவிடில் அறவே நிறுத்திவிட வேண்டும். ஓரிரு நாள் பட்டினியால் மீனுக்குக் கெடுதல் இல்லை. அழுகும் தீவனத்தால் கெடுதல் உண்டு.

2. நீரடிக்கும் ஏரேட்டர் சக்கரம் உள்ளவர்கள் நள்ளிரவிலிருந்து சூரியோதயத்திற்குப் பின் ஓரிரு மணி வரையில் அதனை ஓட்ட வேண்டும். சக்கரம் இல்லாதவர்கள் பம்பு செட்டினால் குளத்து நீரையே எடுத்து, பலகையின் மேலோ கற்களின் மேலோ உயரத்திலிருந்து விழும்படி செய்யலாம்.

3. கிணற்று நீர் விடுவோர் அதையும் நேரே குழாய் வாயால் அடியில் விடாமல், காற்றில் சிதறி விழும்படி விட வேண்டும். ஆழத்துக் கிணற்று நீரில் பிராண வாயு மிகக் குறைவு.

4. அந்நாட்களில் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்கலாகாது. எரு இடலாகாது. பாசியைக் கொல்லும் மருந்து எதையும் இடலாகாது. செத்த பாசி அழுகும்போது மிச்சமுள்ள வாயுவையும் தின்றுவிடும்.

5. இரவில் ஒருவர் காவல் இருந்து, மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் விளக்கைக் கொண்டு நீர்ப்பரப்பைப் பார்த்துவர வேண்டும்.

கோடைக்குப் பின் வரும் முதல் மழை

வறட்சிக்குப் பின் திடீரெனப் பெய்யும் மழையை விவசாயி மகிழ்ந்து வரவேற்கிறார். குளம் வைத்திருப்பவர் அன்றிரவு உறங்காதிருத்தல் நலம். கோடையில் குளத்தின் மேல்நீர் சூடாகவும் இலேசாகவும், அடிநீர் குளிர்ந்து வாயுவற்றும் இருக்கும். குளிர்ந்த மழைநீர் கனமானதாகையால் கீழே இறங்கி இரண்டையும் புரட்டிவிடுகிறது. அடியிலுள்ள கெட்ட நீர் மேலே வந்து குளம் முழுவதும் பரவுகிறது. கரையிலும் வயலிலும் உள்ள சருகு, சாணம், எரு ஆகியவையும் அடித்து வரப்பட்டு அழுகத் தொடங்குகின்றன.

உவர்நீர்க் குளத்தில் நேர்வது இதற்கு மாறானது. உப்பு நீர் கனமானது, மழைநீர் இலேசானது. ஆதலால் மழைநீர் மேலே தனியடுக்காக நிற்க, அடியிலுள்ள உப்பு நீருக்குக் காற்றுத் தொடர்பு அற்றுப் போகிறது. இவ்வகைக் குளங்களில் அடி மதகைத் திறப்பது தவறு. கனத்த உப்பு நீர் வெளியேறி நன்னீரே மிஞ்சும். மதகின் மேற்பலகைகளை மட்டும் எடுத்து, மேலே நிற்கும் மழைநீரை வடித்துவிட வேண்டும். சக்கரம் உள்ளவர்கள் அதனை ஓட்டி இரு அடுக்கையும் மெல்லக் கலக்கலாம்.

அலையாத்தி மண்ணை வெட்டிப் போட்ட கரைகளில் புளிப்பு உறைந்திருப்பதுண்டு. முதல் மழையில் அது கரைந்து குளத்தில் இறங்கும். மண்ணைப் பரிசோதித்து, மழைக்கு முன்னரே கரைகளின் உட்சரிவில் சுண்ணாம்பு தூவி வைத்தல் இதற்குப் பரிகாரம். மேட்டிலுள்ள வயல்களில் பூச்சி மருந்து தெளித்திருந்தால், அந்நீர் குளத்தில் இறங்காதபடி வெட்டுவாய்க்கால் எடுத்துத் திருப்பிவிட வேண்டும்.

குளத்தில் வலை இறக்கும் நாள்

மீன் பிடிக்கும் நாளை வியாபாரியின் சௌகரியத்திற்காக மட்டும் குறிப்பது சரியன்று. குளம் முழுவதையும் வடித்து ஒரே நாளில் பிடிப்பதானால் விடியற்காலையே சிறந்தது. குளிர்ச்சியில் மீன் கெடாது; ஐஸும் குறைவாகச் செலவாகும். மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் முன்னதாகவே தயாராக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முந்திய நாள் தீவனம் போடலாகாது. வயிறு காலியாயுள்ள மீன் நெடுநேரம் கெடாதிருக்கும்.

பெரியவற்றை மட்டும் பிடித்துச் சிறியவற்றை விட்டு வைப்பதானால் யோசனை வேறு. விடியற்காலையில் குளத்தில் பிராண வாயு மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் இழுவலையால் சேற்றைக் கலக்கினால், பிடித்த மீன் விலையாகும், விட்ட மீன் செத்துப் போகும். வெயிலுள்ள நாளில் சூரியன் ஏறிய பின் வலை இறக்குவதே தகும். மூடிய நாளிலும், முதல் மழைக்கு மறுநாளிலும் இவ்வேலையை ஒத்தி வைக்க வேண்டும்.

வானிலை கெட்டுப் பல நாள் ஒழுங்காகத் தீவனம் போட முடியாமற் போனால், வானம் தெளிந்ததும் மீன்களைப் பருமன் வாரியாகப் பிரித்து விடுதல் அவசியம். பசித்த பெரிய கொடுவா சிறிய கொடுவாவைத் தின்றுவிடும். செத்த மீன் மிதப்பதால் எண்ணிக்கை தெரியும். தின்னப்பட்ட மீனின் எண்ணிக்கை அறுவடையின்போதே தெரியவரும்.

புயற்காலம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகளோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் பெருஞ்சேதம் அடைந்தது. இத்தகைய புயலில் மழைநீர், கடல் நீர், சாய்ந்த மரங்களின் தழை, மின்சாரத் தடை ஆகிய நான்கும் ஒருங்கே வருகின்றன. மின்சாரத்தை நம்பியுள்ள சக்கரம் வேண்டிய வேளையில் நின்றுவிடும். ஆகவே எண்ணெய் எஞ்சின் ஒன்றும், அதற்கு வேண்டிய எண்ணெயும் முன்கூட்டியே சேகரித்து வைக்க வேண்டும்.

வானிலை நிலையத்தார் புயலெச்சரிக்கை விடுத்ததும், விற்பனைக்குரிய பருமனுள்ள மீனைப் பிடித்து விற்றுவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு வாரம் பொறுத்தால் விலை கூடும் என்று காத்திருந்து அனைத்தையும் இழப்பதைவிட, குறைந்த விலைக்கு விற்பதே இலாபம். எஞ்சிய மீனுக்காகக் கரையை உயர்த்தி, கலிங்கு வாயில் வலை கட்டி, குளத்தின் நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். கடலோ முகத்துவாரமோ கொந்தளிக்கும் நாட்களில் எவரும் தூண்டிலோடு செல்லலாகாது.

கிராம அலுவலர்களின் கவனத்திற்கு

கடைமடை ரெகுலேட்டர்களின் ஷட்டர்களை வெள்ளத்திற்காகத் திறக்குமுன், கீழ்ப்புறத்தில் வலை கட்டியுள்ளோருக்கும், வாய்க்கால் நீரை நம்பிக் குளம் வைத்துள்ளோருக்கும் தெரிவித்தல் நலம். திடீரெனப் பாயும் நன்னீர் சில மணி நேரத்தில் கழியின் உப்பை மாற்றிவிடும்.

ஷட்டர் வாயில்களில் நெருங்கிய கண்ணுள்ள வலை கட்டிக் குஞ்சுகளை வாரிக் கொண்டு போவதைத் தடுத்தல் வேண்டும். நல்ல மழை தந்த குஞ்சுகளை விரலளவில் பிடித்துக் கருவாடாக்கினால், மூன்றாம் ஆண்டில் அக்கழியில் கொடுவா இராது. குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும், 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்துக் கொள்ளலாகாது என்று விதி ஏற்படுத்தியுள்ளனர். சிறியது இன்னும் இனம் பெருக்கவில்லை. மிகப் பெரியது பல இலட்சம் முட்டையிடும் தாய் மீன். இக்கருத்தை ஊர்க் கூட்டங்களில் எடுத்துச் சொல்லலாம்.

ஊர்ப் பொது ஏரிகளில் கொடுவாக் குஞ்சு விட அனுமதி கோருவோருக்கு, அது கெண்டை முதலிய மற்ற மீன்களைத் தின்று அழிக்கும் என்பதை விளக்க வேண்டும். உவர்நீர்க் குளம் வெட்டுவோர் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்பதையும், நெல் விளையும் நிலத்தை உவர்க் குளமாக மாற்ற இடமில்லை என்பதையும் அறிவித்தல் அவசியம். மீன் செத்ததாகப் புகார் வந்தால், அன்றைய வானிலையையும், முந்திய மூன்று நாட்களின் வானிலையையும், மீன் செத்த நேரத்தையும் முதலில் குறித்துக் கொள்ள வேண்டும். வானம் மூடிய நாட்களுக்குப் பின் விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் பெரும்பாலும் பிராண வாயுக் குறைவே காரணம். சிறியதும் பெரியதும், நத்தையும் தவளையும் பகல் வேளையில் ஒருங்கே செத்திருந்தால் மருந்து கலந்திருக்கலாம் என்று சந்தேகித்து, நீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இவ்வாறு விசாரித்தால் அண்டை வீட்டாரிடையே வீண் பகை வளராது.

முடிவுரை

மழையை நிறுத்தவோ மேகத்தை விலக்கவோ எவராலும் முடியாது. ஆனால் வானிலை மாறினால் நீர் எவ்விதம் மாறும், நீர் மாறினால் மீன் என்ன செய்யும் என்பதை முன்னரே கணிக்க முடியும். குளம் வைத்துள்ள ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வானத்தின் நிலை, காற்று, காலை மாலை நீரின் உஷ்ணம், நீரின் நிறம், போட்ட தீவனம், மீன் தின்ற விதம் ஆகியவற்றைக் குறித்து வருவார்களானால், ஓர் ஆண்டு முடிவில் தம் குளத்தின் குணம் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும். இதற்கு வேண்டியது ஓர் உஷ்ணமானியும், நாள்தோறும் சிறிது நேரமும்தான். சந்தேகம் நேர்ந்தால் அருகிலுள்ள மீன்துறை அலுவலகத்தில் குளத்து நீரைக் காட்டி ஆலோசனை பெறலாம். மூடிய வானத்தைக் கண்டதும் அன்று மாலையே தீவனத்தை நிறுத்தி, இரவில் விளக்குடன் ஒரு முறை குளக்கரைக்குச் சென்று வருபவர், ஒரு வருஷத்து உழைப்பின் பலனை இழக்கமாட்டார் என்பது திண்ணம்.